தாராப் படத்தின் கடைசிப் பதினொரு நிமிடம்

ஒரே ஒரு நாளைத் தவிர, கதிரைக்காரர் எந்தக் காரியத்திலும் முடிவுவரை இருந்ததாக என் கொப்பிகளில் ஒரு பதிவும் இல்லை. நினைவை நம்பி இதைச் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். அன்றன்று நடப்பதை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. கிழமை, நேரம், மழையா வெயிலா, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்து போனார்கள் என்பதை மட்டும் அவர் ஒருவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். 'தாலி கட்ட முன்னரே கதிரைக்காரரைக் காணவில்லை.' 'சவம் எடுக்க இன்னும் அரை மணி இருக்கிறது, கதிரைக்காரர் எழும்பிவிட்டார்.' இப்படிப் பல பக்கங்களில்.

அவர் இறந்தபோது, தன்னுடைய செத்தவீட்டில்தான் மனிசன் கடைசிவரைக்கும் இருந்தது என்று சனம் பகிடி சொன்னது. சொன்னவர்கள் எல்லாம் அவருடைய கதிரைகளில்தான் இருந்தார்கள்.

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில், வாவிப் பக்கமாக நாலாவது வளவு அவருடையது. பிளாஸ்ரிக் கதிரைகள், தறப்பாள், பெரிய சட்டிகள், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேட்டர், ஒரு டீவி, ஒரு டெக். கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வேண்டியதெல்லாம் அங்கிருந்துதான் வாடகைக்குப் போகும். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

கதிரை வாடகைக்கு விடுகிறவர்தான் எந்த இடத்திலும் கடைசியாகப் போக வேண்டியவர். சனம் எழும்பிய பிறகு கதிரையை எண்ணி அடுக்கி ஏற்றிப் போக வேண்டும். இவரோ எல்லாருக்கும் முதல் எழும்புகிறவர். அடுத்த நாள் காலையில் வந்து அடுக்குவார். அதற்குள் இரண்டு மூன்று கதிரைகள் யாருடைய குசினிக்காவது போயிருக்கும். எங்கள் ஒழுங்கையில் அடியில் சிவப்பு மைப் புள்ளி இட்ட கதிரை ஒன்றாவது இல்லாத வீடு இல்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று தங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“இரிக்கட்டும் தம்பி,” என்றார். “நான் வந்தா இரிக்கிறதுக்கு ஒண்டு வேணும்தானே.”

வந்தார். அதே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அவர் போன பிறகு பார்த்தால் கோப்பையில் ஒரு மிடறு மிச்சம் இருக்கும். எல்லா நாளும் அப்படித்தான்.

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு ஒரு வருடம் நானும் அவரும் சேர்ந்து போனோம். மண்முனையில் பாலம் வராத காலம். வாவியைக் கடக்கப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது பலகைத் தளம் போட்ட மிதவையை, அதில் சைக்கிளும் சனமும் மாடும் ஒன்றாக நிற்கும். தேர் முக்கால் வட்டம் வந்திருந்தது. வடத்தைப் பிடித்திருந்த கதிரைக்காரர் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

“வா தம்பி. கடைசிப் பாதைக்குச் சனம் கூடிரும்.”

“தேர் இருப்புக்கு வரட்டும் அண்ணன்.”

“வரும். வராம எங்க போற?”

திரும்பி வரும்போது பாதையில் எங்களைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள். நடு வாவியில் நிற்கையில் அரோகரா சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது. தேர் இருப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னிடம் புத்தகங்கள் இரவல் வாங்குவார். ஆர்வமாக வாசிப்பார்; கதைமாந்தரைப் பற்றி உறவுக்காரரைப் போலப் பேசுவார். திருப்பித் தரும்போது கடைசி அத்தியாயத்துக்குச் சற்று முன்னால் ஒரு பஸ் ரிக்கற் செருகியிருக்கும். அதைத் தாண்டிய பக்கங்கள் புதிதாகவே இருக்கும். எனக்கு இது எரிச்சல். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“முடிவு பிடிக்கல்லயா அண்ணன்?”

“முடிவு எழுதினவருக்குத் தெரியும்தானே. அது காணும் எனக்கு.”

இந்தப் பழக்கம் அவருக்கு ஏன் வந்தது என்று ஊரில் பல காரணங்கள் சொன்னார்கள். எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, சேர்த்தால் அவருக்கு மூன்று வாழ்க்கை இருந்திருக்க வேண்டும். ஆகையால் விட்டுவிடுகிறேன். ஆனால் இன்னொரு பழக்கம் வந்த நாள் எனக்கு உறுதியாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. முக்குக் கடைக்குப் போனாலும் கடல் கடந்து போனாலும் ‘வாறன்’ தான், இல்லாவிட்டால் ‘போயித்து வாறன்’. அவரும் முன்பு அப்படிச் சொன்னவர்தான். பிறகு நிறுத்திவிட்டார். எழும்புவார், சேர்ட்டை இழுத்துவிடுவார், நடப்பார். ஒரு சொல்லும் இருக்காது. அது தொடங்கியது தாராப் படம் போட்ட முதல் சனிக்கிழமையில் இருந்து.

எந்த ஆண்டு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்கள் படத்தை விட்டுவிட்டு, அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் நடந்த மற்றவற்றை நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். மின்சாரம் இல்லை, இரவில் சனம் வெளியில் வருவதில்லை, எனவே படம் என்றால் பகலில்தான் என்பது மட்டும் போதும்.

லண்டனில் இருந்து வந்த யாரோ விட்டுப்போன கசெற் அது. வெளிநாட்டில் பெயர் பெற்ற பழைய கீறல் படம், கையால் வரைந்த கார்ட்டூன், சிறுவர்களுக்கானது, முழுக்க ஆங்கிலம். ஒரு தண்ணீர் மில். அதன் குளத்தில் நீந்தும் காட்டுத் தாராக் கூட்டம் ஒன்று. ஒரு குஞ்சுக்குச் சிறகு முறிந்துவிடுகிறது. குளிர்காலம் வர, கூட்டம் தெற்கே பறக்க வேண்டும். தாய்த் தாரா குஞ்சை மில் நாயிடம் விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போகிறது. குளிர் முடிந்து கூட்டம் திரும்புகிறது. இவ்வளவுதான் கதை.

கதிரைக்காரருடைய முற்றத்தில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். ஜெனரேட்டர் வேலிக்கு அந்தப் பக்கம் இரைந்தது. அவர் டீவிக்குப் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்தித் தமிழில் சொன்னார். பத்து ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல். தெரியாத இடத்தில் தன்பாட்டில் சொன்னார். மில் நாய்க்குக் கறுப்பன் என்று பெயர் வைத்தார். வெள்ளையாக விழுவது என்ன என்று பிள்ளைகள் கேட்க, “ஐஸ். அந்த ஊர்ல சும்மா விழும்” என்றார். ஒருவன் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தான். நான் பின்னால் வேலியோரம் இருந்தேன்; அப்போது எனக்கு அரசாங்கக் கச்சேரியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது, சனிக்கிழமை அரை நாள்.

தாய்த் தாரா பிரியும் இடம் வந்தது. கழுத்தை வளைத்துக் குஞ்சைப் பார்த்து ஒரு சொல் சொன்னது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த, பிரியும்போது சொல்லும் சொல். அவருக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் பிழை வந்தது. பிரியும்போது நாங்கள் என்ன சொல்வோமோ அதைச் சொன்னார்.

“வாறன் மகள்.”

முன் வரிசையில் மேகலா இருந்தாள். ஏழு வயது. ஒழுங்கையின் தொங்கலில், கடைசி வீட்டில், பெரியம்மாவோடு இருந்த பிள்ளை. அவளுடைய தாய் அந்த வருடம் ஆனி மாதம் வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருந்தாள். பஸ் ஏற்றிவிடப் போனவர்களில் நானும் ஒருவன். யன்னலுக்குள்ளால் கையை நீட்டி மகளின் தலையைத் தொட்டு அவளும் அதே சொல்லைத்தான் சொன்னாள்.

ஆக, மேகலா நிமிர்ந்து இருந்தாள். குளிர்காலம் போகும்வரை பொறுமையாகப் பார்த்தாள். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி பெருத்துக் கூட்டமாகியது. அவள் எழும்பி நின்று, டீவிக் கண்ணாடியில் விரலை வைத்து எண்ணினாள். போகும்போதும் எண்ணியிருந்தாள் போலும்.

“பதினொண்டு. பன்ரெண்டு.” திரும்பிக் கதிரைக்காரரைப் பார்த்தாள். “பதின்மூண்டுதான் போன. தாய்த் தாரா எங்க மாமா?”

அவர் டீவியையே பார்த்தார்.

“வாறன் எண்டு சொன்னதானே,” என்றாள் மேகலா. அழவில்லை. பிழையைச் சுட்டிக்காட்டுகிற குரல். “வாறன் எண்டு சொல்லித்து ஏன் வரல்ல?”

கதிரைக்காரர் டெக்கை நிறுத்தினார். “நாடா சிக்கித்து,” என்றார். நாடா சிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மறுகா?” என்றன பிள்ளைகள். அப்புறம் என்ன என்று.

“மறுகா வந்திச்சு. வேற என்ன. எழும்புங்க, கதிரையள அடுக்குங்க.”

எது வந்தது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் தமிழில் அதைச் சொல்லாமலே விடலாம். ஒரு தாராவுக்கும் ‘வந்திச்சு’ தான்; ஒரு கூட்டத்துக்கும் எங்கள் பேச்சில் ‘வந்திச்சு’ தான். அன்று பின்னேரம் என் கொப்பியில் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.

அந்தக் கசெற்றை அவர் பிறகு எத்தனையோ தடவை போட்டார். பிள்ளைகள் விடமாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வானத்தில் புள்ளி தெரிந்தவுடன் நிறுத்திவிடுவார். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் ஒரு புள்ளியில் முடிகிற படம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு போயா விடுமுறை நாளில் டெக்கையும் கசெற்றையும் வாங்கி வந்து வீட்டில் போட்டுக் கடைசிவரை பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு பதினொரு நிமிடம் இருந்தது. குஞ்சு ஒவ்வொரு தாராவின் முகமாகப் பார்த்துக்கொண்டு போகிறது. கடைசித் தாரா கிழடு. அது தன் கழுத்தைக் குஞ்சின் கழுத்தின் மேல் வைக்கிறது. பிறகு வெகு நேரம் தண்ணீரை மட்டும் காட்டுகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் கூட்டம் கிளம்பும்போது குஞ்சும் கிளம்புகிறது. அந்தப் பதினொரு நிமிடத்திலும் ஒரு வசனம் இல்லை. கதிரைக்காரர் நிறுத்தாமல் விட்டிருந்தாலும் சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது. நல்ல படம். திருப்பிக் கொடுக்கும்போது, “தாய் வரல்ல அண்ணன்” என்றேன். “நான் கேட்டனா?” என்றார்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டு வருடத்தில் வர வேண்டிய மேகலாவின் தாய் வரவில்லை. ஒப்பந்தம் நீண்டது என்றார்கள், பிறகு வீடு மாறிவிட்டாள் என்றார்கள், பிறகு கடிதம் நின்றது. ஒழுங்கையில் யாராவது வாய் தவறி ஏதாவது சொன்னால் மேகலா நேராகப் பதில் சொல்வாள்: “அம்மா வாறன் எண்டு சொன்னவ. தாராவும் அப்பிடித்தான் பிந்தி வந்த. மாமாவக் கேளுங்க.” மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் சொல்லும்போது அவர் பக்கத்தில் நின்ற நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது வருடம் தாய் வந்தாள். அவளை ஏற்றிய வான் வண்டி கொழும்பில் இருந்து கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த அன்று, வியாழக்கிழமை காலை, யாரும் கேட்காமலே கதிரைக்காரர் இருபத்தைந்து கதிரை கொண்டுவந்து பெரியம்மா வீட்டு முற்றத்தில் பரப்பினார். தறப்பாள் கட்டினார். வெயில் படும் பக்கம் பார்த்து இன்னொருமுறை அவிழ்த்துக் கட்டினார். வான் பாலத்தில் ஏறிவிட்டது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். கதிரைக்காரர் இல்லை.

பிறகு வருடங்கள் போயின. மேகலா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் முடித்தாள், ஒரு பெண்பிள்ளை. தாய் அவளோடுதான் இருந்தாள். நல்லவர்கள் இருவரும். உப்பு இருக்கா, அரிசி கழுவியாச்சா என்பதற்கு மேலாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு, பாடசாலை விடுமுறையில், அந்தத் தாராப் படத்தைத் திருப்பி எடுத்திருக்கிறார்கள் என்று மேகலா செய்தி கொண்டுவந்தாள். கீறியது இல்லையாம், உண்மையான ஆட்கள், உண்மையான மில், உயிருள்ளது போலவே தாராக்கள். தமிழிலும் பேச வைத்திருக்கிறார்களாம். நகரத் தியேட்டரில் பின்னேரக் காட்சி.

“எங்கட படம் மாமா. நீங்க வராம நான் போகமாட்டன்.”

அவருக்கு அப்போது முழங்கால் ஏலாது. “பாப்பம் புள்ள” என்று அனுப்பிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சிவப்புப் புள்ளிக் கதிரையில் இருந்தார்.

“தம்பி, அந்தக் கசெற்ற நீ முழுக்கப் பாத்த எண்டு சொன்னாய்.”

“ஓம்.”

“வரல்லதானே?”

“வரல்ல.”

“அப்ப சனிக்கிழமை அவளுக்குத் தெரிஞ்சிரும்.”

“என்ன தெரியும் அண்ணன்? அவள் இப்ப ஒரு புள்ளைக்குத் தாய். சின்ன வயசுல சொன்ன ஒரு படக் கதை.”

அவர் கோப்பைக்குள் பார்த்தார். “ஒன்பது வருசம் அந்தப் புள்ள பஸ் வாற சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடின. ஆரோ சொல்லி இல்ல. நான் சொல்லி. வாறன் எண்டதும் நான். வந்திச்சு எண்டதும் நான்.”

“போகாம விடுங்க.”

“போகாட்டி ஏன் வரல்ல எண்டு கேப்பாள். கேட்டா நான் என்ன சொல்ற?” தடியை எடுத்தார். “நீயும் வா. அந்த இடம் வந்தா நான் எழும்பிருவன். நீ அவளோட இரு.”

கோப்பையில் ஒரு மிடறு மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நால்வர் போனோம். மேகலா, அவளுடைய ஆறு வயது மகள், அவர், நான். தாயையும் அழைத்தாளாம், கால் உளைவு என்று வரவில்லை. கதிரைக்காரர் நடைபாதையோரக் கரை இருக்கையைக் கேட்டு வாங்கினார்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகச் செய்திருந்தார்கள். மழைத்துளி இறகின் மேல் உருண்டு விழுந்தது. ஆனால் தாரா கவலைப்படுகிறதா பசித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையான தாராவின் முகத்தில் அது தெரியாதுதான். தெரியாதபடியால்தானே முன்னவர்கள் வரைந்தார்கள். பழைய படத்தில் மில்காரரின் சப்பாத்தையும் ஒரு கையையும் மட்டுமே காட்டினார்கள். இதில் அவருக்குப் பிரிந்துபோன மனைவி, கோபக்கார மகள், மில்லை வாங்க வந்த ஒரு கம்பனி. மில்லை விற்பதா வேண்டாமா என்பதிலேயே ஒரு மணித்தியாலம் போனது. வாய் திறக்காத கறுப்பன் இதில் சென்னைத் தமிழில் ஓயாமல் பகிடி விட்டான். தாராவை ‘வாத்து’ என்றார்கள். மேகலாவின் மகள், “அம்மா, தாரா எப்ப வரும்?” என்று கேட்டாள்.

“இதுதான் மகள் தாரா.”

“இது வாத்தாம்.”

பிரியும் இடம் வந்தது. பழைய படத்தில் ஒரு சொல். இதில் தாய் நின்று பேசியது. துணிவாக இரு என்றது, நீ உன்னை நம்பு என்றது, நான் எப்போதும் உன் நெஞ்சில் இருப்பேன் என்றது, அதற்குப் பிறகு ஒரு பாட்டும் பாடியது. ‘வாறன்’ என்று மட்டும் சொல்லவில்லை. கதிரைக்காரர் என் பக்கம் சாய்ந்து, “இவ்வளவு கதைச்சா கூட்டம் போயிருமே” என்றார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளை தாயின் தோளில் தூங்கிவிட்டது. அப்போது வானத்தில் புள்ளி தெரிந்தது.

கதிரைக்காரர் தடியைத் தேடினார். முன் இருக்கையைப் பிடித்து அரைவாசி எழும்பினார். மேகலா திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவருடைய சேர்ட்டைப் பிடித்தாள்.

“இரிங்க மாமா.”

“கால் புள்ள—”

“இவ்வளவு நேரம் இருந்த கால்தானே. இரிங்க.”

அவர் இருந்தார். புள்ளி பெருத்தது. கூட்டம் இறங்கியது. நான் தண்ணீரைக் காட்டப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. சூரியனுக்குள் இருந்து, கூட்டத்துக்குப் பின்னால் தனியாக, தாய்த் தாரா வந்தது. இறங்கி, குஞ்சின் கழுத்தோடு கழுத்தை வைத்துத் தேய்த்தது. மில்காரரும் மனைவியும் சேர்ந்தார்கள். கம்பனிக்காரன் கூடச் சிரித்தான்.

கதிரைக்காரர் என் தொடையைத் தட்டினார். திரை வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தேன், வாய் திறந்திருந்தது.

“வந்திச்சே தம்பி,” என்றார் மெதுவாக. பிறகு, “நீ அண்டைக்குப் பாத்தது சரிதானா?”

சரிதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர்கள் ஓடி முடிந்து விளக்குப் போடும்வரை அவர் எழும்பவே இல்லை. நேரம் பார்த்தேன். 5.35.

வெளியில் வந்து ஓட்டோ பிடித்தோம். பின் இருக்கையில் கதிரைக்காரர், மேகலா, அவளுடைய மடியில் பிள்ளை. நான் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தேன். அவருக்குச் சந்தோசம். சின்னக் குரலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறும்போது மேகலா சொன்னாள்:

“பொய்ப் படம் மாமா.”

அவர் முணுமுணுப்பை நிறுத்தினார்.

“வந்த உடன அப்பிடிக் கழுத்தக் கட்டிப்பிடிக்கிறதோ? அம்மா வந்த நேரம் நான் கதவுக்குப் பின்னால நிண்டன். பெரியம்மாட்ட, ஆரு வந்திரிக்கிற எண்டு கேட்டன். தெரியாம இல்ல. கேட்டன். அம்மா என்னப் பாத்து, வளந்தித்தாய் எண்டா. நான் ஓம் எண்டன். அவ்வளவுதான். உங்கட கதிரையெல்லாம் சனம் நிறைஞ்சிருந்து பாத்துக்கொண்டிருந்த, ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தெரியல்ல.”

பாலத்தில் வாகனங்கள் மெதுவாக ஊர்ந்தன. பக்கத்தில் இருந்த பழைய பாலத்தில் வழக்கம்போல ஆட்கள் வரிசையாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மாமா.”

“ம்.”

“உங்கட படத்தில என்ன நடந்த? வந்திச்சு எண்டு சொன்னீங்க. எது வந்திச்சு?”

அவர் எழும்பிப் போக முடியாத இடம் அது. ஒரு பக்கம் மேகலா, மறுபக்கம் கம்பி, சுற்றிவர வாவி. என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

“மத்ததுகள்,” என்றார்.

மேகலா தலையை ஆட்டினாள். பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

“ஏன் சொல்லல்ல?”

“உனக்கு அப்ப ஏழு வயசு.”

“பிறகு?”

“பிறகு கொம்மா வந்திட்டா. மறுகா என்னத்துக்குச் சொல்ற?”

“ஓம். வந்தவதான்,” என்றாள்.

பாலம் முடிந்து ஓட்டோ வேகம் எடுத்தது. முகத்தில் காற்று பட்டுப் பிள்ளை விழித்தது. படம் முடிஞ்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கியது.

“அம்மா கேப்பா, படம் எப்பிடி எண்டு,” என்றாள் மேகலா. “வேற ஒண்டும் கேக்காட்டியும் இதக் கேப்பா. என்ன சொல்ல?”

கதிரைக்காரர் யோசித்தார். “வந்திச்சு எண்டு சொல்லு.”

“எது எண்டு கேட்டா?”

“கேக்கமாட்டா.”

மேகலா சிரித்தாள். சரியாகச் சொன்னால் சிரிப்பில்லை. மூக்கால் விட்ட மூச்சு. அவருடைய கையில் ஒரு அடி அடித்தாள், சின்ன வயதில் அடிப்பது போல. “மாமா, நீங்க கள்ளன்.”

“ஓம் புள்ள.”

அவருடைய படலையடியில் நானும் அவரும் இறங்கினோம். செக்கலாகி இருட்டத் தொடங்கியிருந்தது. மேகலா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “வாறன் மாமா” என்றாள். அவர் கையை மட்டும் தூக்கினார். ஓட்டோ ஒழுங்கையின் தொங்கலை நோக்கிப் போனது.

அவர் திரும்பி உள்ளே போவார் என்று நினைத்து நான் படலையைத் திறந்து பிடித்தேன். அவர் தடியில் இரண்டு கையையும் வைத்து நின்றுகொண்டிருந்தார். ஓட்டோவின் பின் விளக்கு சிறுத்துச் சிறுத்து ஒரு சிவப்புப் புள்ளியாகியது. நுளம்பு கடிக்கத் தொடங்கியிருந்தது.

“வாங்க அண்ணன். கால் உளையும்.”

“பொறு தம்பி,” என்றார். “இன்னும் தெரியுது.”